இரண்டங்குலக் கம்பி

ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் உள்ளே அமர்ந்திருப்பவர்களின் கண்கள் அனைத்தும் ஓட்டுநரின் பிடரியையே நோக்கும். அவர் ஏதோ செய்துவிட்டார், அல்லது செய்ய வேண்டிய ஒன்றைச் செய்யாமல் விட்டுவிட்டார் என்ற எண்ணம், யாரும் வாய் திறவாமலே வண்டிக்குள் பரவிவிடும். அந்தப் பார்வையைப் பல மாதங்கள் ஒரு மனிதர்மீது செலுத்தியவன் நான். பார்வையோடு நிறுத்திக்கொண்டேனா என்றால் அதுவுமில்லை.

1984-ஆம் ஆண்டு. காயல்பட்டினத்தில் எங்கள் வீட்டில் ஒரு பழைய அம்பாசிடர் இருந்தது. வாப்பா அதை மதுரையில் ஒருவரிடமிருந்து 1975-இல் வாங்கியபோதே அதற்கு வயதாகியிருந்தது. பின்கண்ணாடிகளுக்குப் பச்சைத் திரை. முன்னிருக்கையில் ரெக்சின் உறை. உம்மாவுக்கு அந்நாளில் முதுகெலும்பில் தீராத நோவு. பதினைந்து நாளைக்கு ஒருமுறை பாளையங்கோட்டையில் மருத்துவரிடம் காட்டி வரவேண்டும். போக ஐம்பது கிலோமீட்டருக்குமேல், வர அதே தொலைவு. ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறினால் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சிறு முனகல் கேட்கும். அவ்வளவுதான்; உம்மா வேறொன்றும் சொல்லமாட்டார்கள்.

வண்டி வந்த நாள்முதல் அதை ஓட்டியவர் ஆறுமுகநேரிக்காரர். வீட்டில் சிறியவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சிதான். உம்மா ஏறிய நாள்களில் அவர் ஓட்டும் விதமே வேறு. மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்குமேல் முள் ஏறாது. காலைப் பெடலில் வைத்தது வைத்தபடி, எண்ணெய் ஒழுகுவதுபோல் ஓட்டுவார். பள்ளம் வருமுன்னே அது வரப்போவது அவருக்குத் தெரிந்திருக்கும்.

அந்த ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த சில வாரங்களில் வண்டி நிற்கத் தொடங்கியது. முதல் முறை ஆழ்வார்திருநகரிக்கு அருகில். அடுத்த முறை குரும்பூர் தாண்டி. அண்ணாச்சி இறங்கிப் பானெட்டைத் திறப்பார். ஒயர்களை அசைத்துப் பார்ப்பார். மீண்டும் சாவியைத் திருப்புவார். வண்டி ஒன்றும் அறியாததுபோல் உடனே உறுமிக் கிளம்பும். சில வேளைகளில் நிற்பதுகூட இல்லை. ஓர் உதறல், ஒரு கணம் ஓசையற்ற வெறுமை, மறுகணம் பழையபடி ஓட்டம். திருநெல்வேலியில் ஒரு பட்டறையில் விட்டோம். பிளக் நான்கும் மாற்றினார்கள். மறுபடியும் நின்றது. பிளாட்டினம் மாற்றினார்கள். கண்டன்சர் மாற்றினார்கள். கடைசியில் காயிலையும் மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் பட்டறையில் வண்டியை நிறுத்தி வைத்து முடுக்கிக் காட்டுவார்கள். எஞ்சின் புலிபோல் உறுமும். ஒவ்வொரு முறையும் பில்லைக் கொண்டுவந்து மேசைமீது வைப்பவர் அண்ணாச்சிதான்.

அவர்கள் மாற்றிய பொருள்களெல்லாம் எவை, அவற்றின் வேலை என்ன என்பதைப் பின்னால்தான் கற்றேன். பெட்ரோல் எஞ்சின் என்பது பெட்ரோலால் மட்டும் ஓடுவதன்று, தீப்பொறியால் ஓடுவது. பாட்டரி தருவதோ 12 வோல்ட். பிளக்கின் முனையில் அழுத்தப்பட்ட காற்றினூடே பொறி தாவ வேண்டுமாயின் பத்தாயிரக் கணக்கான வோல்ட் வேண்டும். இந்த ஏழையைச் செல்வனாக்கும் வித்தையைச் செய்வது காயில். 1831-இல் பாரடே கண்டறிந்த தூண்டல் விதிதான் அதன் அடிப்படை. சில நூறு சுற்றுத் தடித்த கம்பியில் மின்சாரம் பாயும்போது அதைச் சுற்றிக் காந்தப்புலம் எழுகிறது. அந்த ஓட்டத்தைத் திடீரெனத் துண்டித்தால் புலம் சரிகிறது. அந்தச் சரிவில், அருகே பல்லாயிரம் சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கும் மெல்லிய கம்பியில் உயரழுத்த மின்சாரம் பிறக்கிறது. துண்டிக்கும் வேலையைச் செய்வதுதான் பிளாட்டினம் என்று நம் மெக்கானிக்குகள் அழைக்கும் சிறு கதவு. அது திறக்கும் இடைவெளி 0.4 மில்லிமீட்டர் அளவே. அக்கதவு திறக்கும்போது மின்சாரம் அங்கேயே தாவித் தீய்த்துவிடாமல் தாங்கிக்கொள்வது கண்டன்சர். பிறந்த மின்சாரத்தை முறை தவறாமல் நான்கு பிளக்குகளுக்கும் பங்கிட்டுக் கொடுப்பது டிஸ்ட்ரிபியூட்டர். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுழல்கிறதென்றால், அந்தச் சிறு கதவு நொடிக்கு நூறு முறை திறந்து மூட வேண்டும். இவ்வளவு பாடுபடும் ஒன்று என்றோ ஒருநாள் தவறுவது வியப்பன்று. நாள் முழுதும் தவறாமல் இருப்பதே வியப்பு.

இவை ஒன்றும் அன்று எனக்குத் தெரியாது. எனக்கு இருபத்திரண்டு வயது, பி.காம். முடித்திருந்தேன், பில்களைக் கூட்டிப் பார்க்கத் தெரியும். கூட்டிப் பார்த்தேன். பிறகு நானே வண்டியைச் சோதித்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஒரு மாலை அண்ணாச்சியை இறங்கச் சொல்லிவிட்டு, திருச்செந்தூர் சாலையில் பெடலைத் தரையோடு தரையாய் மிதித்து வண்டியை விரட்டினேன். போய் வந்தேன், மறுநாளும் போய் வந்தேன். ஒரு தும்மல்கூட இல்லை. என் கணக்கு நேராகிவிட்டது. என்னிடம் நிற்காத வண்டி அவரிடம் மட்டும் நிற்கிறது. நின்றால் பட்டறைக்குப் போகிறது. பட்டறைக்குப் போனால் பில் வருகிறது.

அவர் எங்களிடம் ஒன்று சொல்லியிருந்தார். “முதலாளி, வேகமாப் போனா நிக்க மாட்டேங்குது. அம்மாவை வச்சுக்கிட்டு மெதுவாப் போகும்போதுதான் நிக்குது.” இதை அவர் இரண்டு மூன்று முறை சொன்னதாக நினைவு. வண்டிக்கு உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எஞ்சினுக்குத் தெரியுமா என்று நான் சிரித்தேன். அடுத்த பில் வந்த அன்று, வாப்பா முன்னிலையில், “இதில் உங்கள் கமிஷன் எவ்வளவு அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

வாப்பா என்னை அதட்டினார்கள். ஆனால் அதட்டல் சற்றுத் தாமதமாக வந்தது. அந்தத் தாமதத்தை அண்ணாச்சி கவனித்திருக்க வேண்டும். சாவியை எடுத்து மேசைமீது ஓசைப்படாமல் வைத்தார். முற்றத்தில் கழற்றிப் போட்டிருந்த செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஒன்பது ஆண்டு.

அடுத்த முறை பாளையங்கோட்டைக்கு நானே ஓட்டினேன். உம்மா பின்னால் இருந்ததால் விரட்ட மனம் வரவில்லை. கருங்குளத்துக்கு அருகில், உச்சி வெயிலில், வண்டி நின்றது. இந்த இடத்தில் என் மனம் திருந்தியது என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மை அதுவன்று. வியர்வை வழியச் சாலையோரம் நின்ற என் மனத்தில் எழுந்த முதல் எண்ணம், ‘போகிற போக்கில் எதையோ கழற்றி விட்டுப் போயிருக்கிறார்’ என்பதுதான். சந்தேகம் அப்படிப்பட்டது, எதிர்ச்சான்று கிடைத்தால் அதையும் தின்று வளரும். திரைக்குப் பின்னாலிருந்து உம்மா, “அவுக சொன்னதை ஒரு நாளாவது காது கொடுத்துக் கேட்டீங்களா, வாப்பா?” என்றார்கள். எங்கள் பக்கம் பாசம் மிகுந்தால் மகனையும் வாப்பா என்றுதான் அழைப்பார்கள்.

உம்மாவின் இளைய தம்பி, எங்கள் சின்ன மாமா, கொழும்பில் ஒரு மோட்டார்ப் பட்டறையில் இருபது ஆண்டுகள் வேலை பார்த்து 1983-இல் ஊர் திரும்பியவர்கள். வீட்டுக்குள்ளேயே கைதேர்ந்தவரை வைத்துக்கொண்டு ஏன் திருநெல்வேலிக்கு ஓடினோம் என்று வாசகர்கள் கேட்கலாம். பட்டறைக்குப் பெயர்ப் பலகை இருந்தது, மாமாவுக்கு இல்லை. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

மாமா வந்து பானெட்டைத் திறக்கவில்லை. திண்ணையில் அமர்ந்து தேத்தண்ணீர் கேட்டார்கள். பிறகு என்னைக் கேட்கத் தொடங்கினார்கள். நிற்குமுன் இருமிற்றா, குதித்துக் குதித்து இழுத்ததா, அல்லது விளக்கை அணைத்தாற்போல் சட்டென்று அணைந்ததா? பெட்ரோல் குறையால் நிற்கும் வண்டி பெரும்பாலும் தள்ளாடித்தான் நிற்கும். கார்புரேட்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீரும்வரை முக்கி முனகும். மின்சாரம் அறுந்தால் முன்னறிவிப்பே இராது. வெயில் ஏறியபின் நிற்கிறதா, காலைக் குளிரிலும் நிற்கிறதா? சூட்டில் நின்று, அரைமணி ஆறியபின் கிளம்பினால் காயிலைச் சந்தேகிக்கலாம். பம்பில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டாலும் அதே அடையாளம்தான் என்பதால், பம்பின்மேல் ஈரத்துணி போட்டுப் பார்த்து இரண்டையும் பிரிக்க வேண்டும். உடனே கிளம்பினால் சூடு காரணமன்று. எங்கோ ஒரு தொடுப்பு விட்டு விட்டுச் சேர்கிறது. மேட்டில் நிற்கிறதா, சமதரையிலா? மிதிக்கும்போதா, மிதித்ததை நிலையாக வைத்திருக்கும்போதா?

பாதிக் கேள்விகளுக்கு எனக்கு விடை தெரியவில்லை. “ஓட்டினவர்கிட்டே கேட்டியா?” என்றார்கள். அவர் மெதுவாகப் போகும்போதுதான் நிற்கிறது என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்ததாக நான் சொன்னேன். மாமா கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்கள். “அது சாக்கு இல்லேடா. அதுதான் விடையே.”

மாமாவிடமிருந்த கருவி ஒரு சிறிய 12 வோல்ட் பல்பும், அதில் பற்றவைத்த இரண்டு ஒயர்களும். இதற்கு டெஸ்ட் லேம்ப் என்று பெயர். காயிலுக்குச் சுவிட்சிலிருந்து மின்சாரம் வந்து சேரும் முனையில் ஒரு நீண்ட ஒயரைப் பொருத்தி, பானெட் இடுக்கின் வழியே உள்ளே இழுத்து, பல்பை மடியில் வைத்துக்கொண்டு முன்னிருக்கையில் அமர்ந்தார்கள். மற்றொரு ஒயரைக் கதவுச் சட்டத்தின் இரும்பில் எர்த் கொடுத்தார்கள். பல்பு எரிந்தது. “இது அணைஞ்சு வண்டியும் நின்னா, சுவிட்சிலேயோ சுவிட்சுக்கு வர்ற ஒயரிலேயோ கோளாறு. இது எரியும்போதே வண்டி நின்னா, காயிலுக்கு அப்பால். இப்ப ஓட்டு.”

குரும்பூர்ச் சாலையில் விரட்டினேன். ஒன்றுமில்லை. மாமா சொன்னார்கள்: “அப்படி இல்லே. உன் உம்மாவை ஏத்திக்கிட்டுப் போற மாதிரி ஓட்டு.”

வேகத்தை இறக்கினேன். பெடலில் காலை மென்மையாக, ஒரே நிலையில் வைத்தேன். இரண்டு கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டோம். எஞ்சின் அணைந்தது. மாமாவின் மடியில் பல்பு சிறிதும் மங்காமல் எரிந்துகொண்டிருந்தது.

புளியமரத்தடியில் வண்டியை ஒதுக்கினோம். சாவியைத் திருப்பியதும் வழக்கம்போல் கிளம்பி, நின்ற இடத்தில் சீராக ஓடத் தொடங்கியது. அப்போது மாமா செய்த காரியத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் வியப்பும் ஒருங்கே வருகின்றன. கார்புரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் மெல்லிய குழாயொன்றைக் கார்புரேட்டர்ப் பக்கத்தில் கழற்றி, அதன் முனையை வாயில் வைத்து, இளநீர் உறிஞ்சுவதுபோல் உறிஞ்சினார்கள். எஞ்சின் பட்டென்று நின்றது. மீண்டும் கிளப்பச் சொன்னார்கள், மீண்டும் உறிஞ்சினார்கள், மீண்டும் நின்றது.

அந்தக் குழாயின் வேலையை அவர்கள் அங்கேயே விளக்கினார்கள். மிதமான வேகத்தில், பெடலைப் பாதி மிதித்து வண்டி ஓடும்போது எஞ்சினுக்குள் போகும் கலவை மெல்லியது, மெதுவாக எரிவது. ஆகவே பொறி சற்று முன்னதாக விழவேண்டும். எஞ்சின் தன் உறிஞ்சும் ஆற்றலைக் கொண்டே, இந்தக் குழாயின் வழியாக, பிளாட்டினம் அமர்ந்திருக்கும் தட்டைச் சில பாகை திருப்பிக்கொள்கிறது. முழுதும் மிதித்தால் அந்த உறிஞ்சல் குறைந்து தட்டு பழைய நிலைக்கு வந்துவிடும். வண்டி நின்ற இடத்தில் ஓடும்போதும் குழாயில் உறிஞ்சல் இராது. ஆகவே பட்டறையில் நிறுத்தி முடுக்கியபோதும், நான் திருச்செந்தூருக்கு விரட்டியபோதும் அந்தத் தட்டு அசையவில்லை. ஒரே சீராய், பதமாய் ஓட்டியபோது மட்டும் அசைந்தது. அசையும் தட்டுக்கும் அசையாத கூட்டுக்கும் இடையே ஒரு சிறு ஒயர் போகிறது. காயிலிலிருந்து வரும் மின்சாரம் பிளாட்டினத்தை அடைவது அதன் வழியாகத்தான்.

மூடியைக் கழற்றி அந்த ஒயரை எடுத்தார்கள். இரண்டங்குல நீளம் இருக்கும். மேலுறையில் ஒரு கீறலும் இல்லை. ஆனால் நடுவில் பிடித்து வளைத்தபோது, மற்ற இடங்களில் வில்போல் வளைந்தது ஓரிடத்தில் மட்டும் துணிபோல் மடங்கியது. உறையைப் பிளேடால் கீறினோம். உள்ளே செம்புக் கம்பி இழைகள் அத்தனையும் அற்றுப்போய், முனையோடு முனை உராய்ந்துகொண்டிருந்தன. செம்பை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் அது இறுகிப் பின் முறியும். ஆண்டுக்கணக்கில் ஒவ்வொரு முறை தட்டு திரும்பியபோதும் அதுவும் வளைந்து நிமிர்ந்திருக்கிறது. யாரையும் குறை சொல்வதற்கில்லை, உழைத்துத் தேய்ந்திருந்தது. தட்டு அசையாதபோது இழைகள் தொட்டுக்கொள்ளும், அசைந்தால் பிரியும், வண்டி நின்றதும் தட்டு திரும்பி வர மறுபடி தொட்டுக்கொள்ளும். அதனால்தான் அண்ணாச்சி இறங்கிப் பானெட்டைத் திறந்ததும் வண்டி ஒன்றும் அறியாததுபோல் கிளம்பிற்று.

வேகமாக, பொறுப்பின்றி, பள்ளங்களில் தூக்கிப்போட்டு ஓட்டுகிறவர் எவராயிருந்தாலும் அவரிடம் அந்த வண்டி அவ்வளவாக நின்றிருக்காது. இதை அந்தப் புளியமரத்தடியில் மாமா சொல்லவில்லை. பிளேடைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார்கள், நான்தான் நினைத்துக்கொண்டேன்.

அம்பாசிடர் வண்டிகள் செய்வது 2014-இல் நின்றுவிட்டது. இன்றைய வண்டிகளில் பிளாட்டினமும் இல்லை, அந்தக் குழாயும் இல்லை. பொறி விழவேண்டிய நேரத்தைச் சிறு கணினி ஒன்று தீர்மானிக்கிறது. எஞ்சின் எந்தக் கோணத்தில் சுழல்கிறது என்பதை ஓர் உணரி அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் என் மகளின் வண்டி சென்னைக்கு வெளியே நெடுஞ்சாலையில் அடிக்கடி அணைந்தது. பட்டறையில் கருவியைச் செருகினார்கள். கருவி அந்த உணரியின் பெயரைச் சொன்னது. புதிது போட்டார்கள். பத்து நாளில் மீண்டும் அணைந்தது. கருவி மீண்டும் அதே பெயரைச் சொன்னது. மருமகன் எனக்குத் தொலைபேசியில் புலம்பியபோது, ஓடத் தொடங்கி எவ்வளவு நேரத்தில் நிற்கிறது என்று கேட்டேன். எஞ்சின் நன்கு சூடேறிய பிறகுதான் என்றார். உணரியிலிருந்து கணினிக்கு வரும் ஒயரை அங்குலம் அங்குலமாகப் பார்க்கச் சொன்னேன். புகைக்குழாயின் அருகே அது உரசி, உறை உருகியிருந்தது. உணரியிடமிருந்து சொல் வரவில்லை என்பதே கருவிக்குத் தெரிந்த செய்தி. உணரி ஊமையா, வழியில் ஒயர் அறுந்ததா என்பது அதற்குத் தெரியாது. ஆனால் திரையில் ஒரு பெயர் விழுந்துவிட்டால் நமக்கு அதற்குமேல் தேடப் பொறுமை இருப்பதில்லை. பெயர் விழுந்ததும் கழற்றி எறிகிறோம்.

மாமா அன்று மாலையே மெல்லிய இழைகள் பல சேர்ந்த வளையும் ஒயர் ஒன்றை அளவாக வெட்டி, முனைகளை ஈயம் பற்றவைத்துப் பொருத்தினார்கள். செலவென்று சொல்ல ஒன்றுமில்லை. பழைய துண்டை என் கையில் கொடுத்தார்கள்.

மஃரிபுக்குப் பின் வாப்பாவும் நானும் ஆறுமுகநேரிக்குப் போனோம். அண்ணாச்சி அதற்குள் உப்பு லாரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். வாசலில் நாற்காலி போட்டார். வாப்பா பேசத் தொடங்கினார்கள். சொல் வராமல் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்று அந்தத் துண்டுக் கம்பியை நீட்டினேன். வீட்டிலிருந்து வரும் வழியெல்லாம் சேர்த்துவைத்த சொற்கள் ஒன்றும் வாயில் இல்லை. “தப்பு என்னுது அண்ணாச்சி” என்று மட்டும் சொன்னேன்.

அவர் அதை வாங்கி விளக்கருகே கொண்டுபோனார். இரண்டு விரல்களுக்கிடையில் வைத்து மெல்ல வளைத்தார். முறிவிருந்த இடம் மடங்கியதும் விரல் அங்கேயே நின்றது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இதுக்குத்தானா…” என்று தமக்குள் சொல்லிக்கொண்டு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என்னிடம் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

“அம்மாவுக்கு முதுகு இப்ப எப்படி இருக்கு?” என்று வாப்பாவைக் கேட்டார்.

வேலைக்குத் திரும்ப வரமுடியாது, லாரிக்காரரிடம் வாக்குக் கொடுத்தாயிற்று என்றார். வாப்பா வற்புறுத்தவில்லை. ஆனால் அடுத்த பாளையங்கோட்டைப் பயணத்தன்று, விடியற்காலையில், யாரும் சொல்லியனுப்பாமலே எங்கள் முற்றத்தில் வந்து நின்றார். லாரிக்கு அன்று விடுப்பு எடுத்திருந்தார். சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்தேன். ஐம்பது கிலோமீட்டருக்குமேல் முள் ஏறவில்லை. குரும்பூர் கழிந்தது; ஆழ்வார்திருநகரி கழிந்தது; கருங்குளமும் கழிந்தது. அவர் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எஞ்சினின் ஓசையையே கேட்டுக்கொண்டிருந்தேன். திரைக்குப் பின்னால் உம்மா உறங்கிவிட்டிருந்தார்கள்.